மீட்டர்ல டயர் லைட்டு எரியுதா? ரீசெட் அடிக்கிறதுக்கு முன்னாடி காத்தைப் பாருங்க

மீட்டர்ல மஞ்சளா ஒரு லைட்டு, டயரைக் குறுக்க வெட்டிப் பாத்தா தெரியுற வளைவு, நடுவுல ஒரு ஆச்சரியக்குறி. இதுதான் டிபிஎம்எஸ் லைட்டு, டயர்ல காத்து குறைஞ்சா நமக்குச் சொல்றதுக்குன்னு வச்சது. இப்ப வர்ற வண்டில நெறைய வண்டில இது இருக்கு, செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க கையிலயும் வந்துருச்சு, ஆனா எரிஞ்சா என்ன செய்யணும்னு நாகர்கோவில் மார்த்தாண்டம் பக்கம் கேட்டுப் பாத்தா "அது சென்சார் கம்ப்ளெயிண்டு, ரீசெட் அடிச்சு விடுங்க, செரியாயிரும்"னு தான் மொத பதில் வருது. அதை மட்டும் மொதல்ல செய்யாதீங்க. காத்து எதனால போச்சுன்னு கண்டுபிடிச்சு அதைச் சரி பண்ணிட்டா லைட்டு பெரும்பாலும் தன்னால அணைஞ்சிரும், காத்தைப் பாக்காம லைட்டை மட்டும் அணைச்சா அடுத்த தடவை நிஜமா டயர் எறங்கும்போது அது எரியாமலே போக வாய்ப்பு இருக்கு, ஏன்னு கீழ சொல்றேன்.

மொதல்ல லைட்டு எப்படி எரியுதுன்னு பாருங்க. ஸ்டார்ட் பண்ணதுலேருந்து அசையாம அப்படியே எரிஞ்சா ஏதோ ஒரு டயர்லயோ ரெண்டு மூணுலயோ காத்து கம்மின்னு அர்த்தம். ஸ்டார்ட் பண்ணதும் ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷம் மின்னி மின்னி எரிஞ்சு அப்புறம் நின்னு எரிஞ்சா, அது காத்து விஷயம் இல்ல, சிஸ்டத்துலயே கோளாறு. சென்சார் பேட்டரி போயிருக்கலாம், சென்சார் இல்லாத ஸ்டெப்னி மாட்டியிருக்கலாம். இந்த ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. மின்னுதா நிக்குதான்னு பாக்காமலே சென்சாரை மாத்தி ஆயிரக்கணக்குல காசு போனவங்க உண்டு. இக்னிஷன் ஆன் பண்ணி அப்படியே உக்காந்து ரெண்டு நிமிஷம் பாருங்க, அது போதும்.

ஓட்டிட்டு இருக்கும்போது எரிஞ்சா என்ன செய்ய? திருநெல்வேலி போற வழியில ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம் போறீங்கன்னு வைங்க, காத்தாடி சுத்துற இடம், குறுக்குக் காத்துல வண்டி எப்பவும் லேசா ஆடும், அதனால டயர் எறங்குறது ஸ்டீயரிங்ல தனியா தெரியாது, லைட்டு மட்டும்தான் சொல்லும். எரிஞ்ச உடனே சடக்குனு பிரேக்கை மிதிக்காதீங்க, ஸ்டீயரிங்கையும் வெட்டாதீங்க. ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்து வண்டியை பைய வேகம் குறைய விட்டு, இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் நல்லா ஒதுங்கி நிறுத்தி, நாலு பார்க்கிங் லைட்டையும் போட்டுட்டு எறங்கி நாலு டயரையும் பாருங்க. ஒரு டயர் தரையில சப்பையா உக்காந்திருந்தா அங்கேருந்து ஒரு அடி கூட ஓட்ட வேண்டாம், ஸ்டெப்னி மாட்டுங்க இல்ல ஆளைக் கூப்பிடுங்க. பாக்க எல்லாம் ஒரே மாதிரி இருந்தா பைய ஓட்டி பக்கத்துல இருக்குற பங்க்குக்கு கொண்டு போயி அளந்து பாக்கலாம். ஆனா ஒண்ணு, இப்ப இருக்குற ரேடியல் டயர்ல 25 பிஎஸ்ஐயும் (டயர் காத்தோட அழுத்தத்தை அளக்குற கணக்கு) 33 பிஎஸ்ஐயும் கண்ணுக்கு கிட்டத்தட்ட ஒண்ணு போலத்தான் தெரியும், கால வச்சு மிதிச்சுப் பாக்குறதுல ஒண்ணும் தெரியாது. காத்து அளக்குற கேஜ் வச்சா மட்டும்தான் தெரியும்.

காத்து கம்மியா ஓடுனா என்ன ஆகும்னு தெரிஞ்சா இதை யாரும் தள்ளிப்போட மாட்டாங்க. டயர் ஒவ்வொரு சுத்துக்கும் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிரும், அந்த மடங்குறதுலதான் சூடு ஏறும், காத்து கம்மியா இருந்தா மடிப்பு ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி, சூடு ஏறுனா உள்ள இருக்குற அடுக்குகள் ஒட்டு விட்டு பிரியும், வேகத்துல போகும்போது வெடிக்கும். மழையில இன்னும் மோசம், டயர் ரோட்டுத் தண்ணியைப் பிதுக்கி வெளிய தள்ளாது, தண்ணி மேல வழுக்கும். நமக்கு ஜூன்லயும் மழை ஐப்பசியிலயும் மழை, ரெண்டு பருவமும் வாங்குற கன்னியாகுமரி மாவட்டம், அதனால இது நம்மளுக்கு சின்ன விஷயம் இல்ல.

இனி அளக்குற முறை. உங்க வண்டிக்கு எவ்வளவு காத்துன்னு பங்க்ல இருக்குற பையன் சொல்ற கணக்கு வேண்டாம், டயர் பக்கவாட்டுல அச்சடிச்சிருக்குற நம்பரும் வேண்டாம், அது அந்த டயர் தாங்குற உச்ச அளவு, 44, 51னு எல்லாம் போட்டிருக்கும், அதைப் பாத்து அடிச்சா வண்டி கல்லு மாதிரி குதிக்கும். டிரைவர் பக்கத்துக் கதவைத் தொறந்தா பக்கத்துத் தூண்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், சில வண்டில பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம், அதுல இருக்குறதுதான் கணக்கு. ரெண்டு பேர் போனா எவ்வளவு, ஆள் நெறைஞ்சு லக்கேஜோட போனா எவ்வளவுன்னு ரெண்டு வரி இருக்கும். கேபிஏ, பார்னு போட்டிருந்தா பயப்பட வேண்டாம், 230 கேபிஏ, 2.3 பார், 33 பிஎஸ்ஐ எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

அந்த ஸ்டிக்கர் நம்பர் ஆறுன டயருக்கு. வண்டி மூணு மணி நேரமாவது ஓடாம நின்னிருக்கணும், இல்லன்னா ஒன்றரை கிலோமீட்டருக்குள்ள தான் ஓடியிருக்கணும். காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அளக்குறது தான் நல்லது. பக்கவாட்டுல வெயில் விழுற மாதிரி நிறுத்தியிருந்தா வெயில் பக்கத்து ரெண்டு டயரும் நிழல் பக்கத்தை விட கூடக் காட்டும், அதைப் பாத்து குழம்பிருவோம். டயர் சூடு 5, 6 டிகிரி ஏறுனா சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும், திருவனந்தபுரத்துலேருந்து ஓட்டி வந்து நேரா பங்க்ல நிறுத்தி அளந்தா 3, 4 பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அங்க 33னு பாத்து திருப்தியா வந்தா மறுநாள் காலையில டயர்ல இருக்குறது 29 தான். அதுக்கு மேல ஒழுக்கே இல்லாத நல்ல டயர்லயும் மாசத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவுல தன்னால எறங்கும், அப்படியே சில மாசம் கவனிக்காம விட்டா ஒரு குளிர்ந்த காலையில லைட்டு எரியும். பொதுவா ஸ்டிக்கர் அளவுலேருந்து 20, 25 சதவீதம் எறங்குனாத்தான் லைட்டே எரியும், அதாவது 33 இருக்க வேண்டிய டயர் 25, 26க்கு வந்த பிறகுதான். லைட்டு எரியலன்னா காத்து சரியா இருக்குன்னு நினைக்கவே கூடாது. காலையில எரிஞ்சு கொஞ்ச தூரம் ஓடுனதும் அணைஞ்சா "செரியாயிட்டு"ன்னு விட்டுராதீங்க, டயர் சூடாகி ரெண்டு பிஎஸ்ஐ ஏறி அந்த எல்லையைத் தாண்டியிருக்கு, அவ்வளவுதான், காத்து இன்னும் கம்மிதான்.

சரி வீட்டுல பம்பு இல்ல, பங்க்குக்கு ஓட்டிப் போனா டயர் சூடாயிரும், அப்ப எப்படி சரியா அடிக்க? இதுக்கு ஒரு வழி இருக்கு, எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும். சில நூறு ரூபாய்க்கு ஒரு கேஜ் வாங்கி வண்டில போட்டு வைங்க. காலையில வீட்டு வாசல்லயே நாலு டயரையும் அளந்து எது எவ்வளவு குறையுதுன்னு எழுதிக்கோங்க. முன்பக்கம் இடது 29 இருக்கு, 33 வேணும், அப்ப குறை 4. பங்க்குக்குப் போனதும் அதே டயரை அளங்க, இப்ப 31 காட்டும்னு வைங்க, அந்த 31 மேல அதே 4ஐச் சேத்து 35 வரைக்கும் அடிங்க. மறுநாள் ஆறுன பிறகு அளந்தா 33 பக்கத்துல நிக்கும். காத்து அடிக்கிற பையன் "33 போதும் சார்"னு சொல்லுவாரு, சூட்டுக்கு சேத்து கேக்கோம்னு நல்ல விதமா சொன்னா அடிச்சுத் தருவாரு, பங்க்ல காத்து இலவசம், அது அவங்க வச்சிருக்க வேண்டிய வசதி. சூடான டயர்ல ஜாஸ்தி காட்டுதேன்னு காத்தை எறக்கி விடுறதை மட்டும் ஒருபோதும் செய்யாதீங்க. நைட்ரஜன் அடிச்ச டயர்ல சாதா காத்து சேக்கலாமான்னு கேப்பாங்க, தாராளமா சேக்கலாம், நம்ம சுவாசிக்கிற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன் தான்.

காத்து சரியா அடிச்சாச்சு, லைட்டு இன்னும் எரியுது. இங்கதான் உங்க வண்டில எந்த வகை சிஸ்டம்னு தெரியணும். ஒரு வகையில ஒவ்வொரு வீலுக்குள்ளயும் வால்வோட சேந்து ஒரு சின்ன சென்சார் இருக்கும், அது காத்தை நேரா அளந்து ரேடியோவுல அனுப்பும், ஸ்கிரீன்ல 33, 32னு நாலு டயருக்கும் நம்பர் வந்தா இந்த வகைதான். இதுல பெரும்பாலும் ரீசெட்டே வேண்டாம், கொஞ்ச நேரம் 30, 40 வேகத்துல ஓட்டுனா, அதாவது பத்து இருபது நிமிஷம், சென்சார் புது அளவை அனுப்பி லைட்டு தன்னால அணையும். நிறுத்தி வச்சிருக்கும்போது சென்சார் தூங்கும், அதனால பங்க்ல காத்து அடிச்ச உடனே அணையலைன்னு பதற வேண்டாம்.

இன்னொரு வகையில டயருக்குள்ள ஒண்ணுமே இல்ல. பிரேக் போடும்போது வீல் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ்க்காக வீல்ல இருக்குற வேகச் சென்சாரை வச்சே கணக்குப் போடும், காத்து குறைஞ்ச டயர் கொஞ்சம் சின்னதாகி மத்த வீலை விட லேசா வேகமாச் சுத்தும், அதைக் கண்டுபிடிச்சு லைட்டு போடும். இதுக்கு எது சரியான காத்துன்னு தனியாத் தெரியாது, நம்ம ரீசெட் அமுக்குன நேரத்துல டயர் எப்படி இருந்துதோ அதைத்தான் சரின்னு மனசுல வச்சுக்கும். அதனாலதான் மொதல்லயே சொன்னேன், காத்து அடிக்காம ரீசெட் அமுக்குனா அந்தக் குறைஞ்ச காத்தையே சரியான காத்துன்னு படிச்சிரும், லைட்டு அணையும், டயர் அப்படியே இருக்கும், இன்னும் நிறைய எறங்குற வரைக்கும் வாயே தொறக்காது. முறை என்னன்னா நாலு டயரையும் ஆறுன நிலையில ஸ்டிக்கர் அளவுக்கு கொண்டு வந்துட்டு, வண்டியை நிறுத்துன இடத்துலயே இக்னிஷன் ஆன் பண்ணி, ஸ்கிரீன்ல வெஹிக்கிள் செட்டிங்ஸ்குள்ள டயர் பிரஷர்னு இருக்குற இடத்துல செட் இல்லன்னா ஸ்டோர்னு வர்றதைக் குடுங்க. சில வண்டில ஸ்டீயரிங்குக்கு கீழயோ கியருக்குப் பக்கத்துலயோ அதே டயர் படம் போட்ட பட்டன் இருக்கும், லைட்டு மின்னுற வரைக்கும் அதை அமுக்கிப் பிடிக்கணும். அப்புறம் ஒரு அரை மணி நேரம் சாதாரணமா ஓட்டுங்க, அது படிச்சுக்கும். டயர் மாத்துனாலும், முன்ன பின்ன இடம் மாத்திப் போட்டாலும், ஆறுன நிலையில காத்தை சரி பார்த்துட்டு இதை மறுபடி செய்யணும்.

ரெண்டு நாள்ல, ஒரு வாரத்துல மறுபடி எரிஞ்சா, அதுவும் ஒரே டயர் தான் எறங்குதுன்னா, எங்கயோ பைய ஒழுகுது. சோப்புப் பொடியை கொஞ்சம் தண்ணியில நல்லா கலக்கி ஒரு பழைய பெயிண்ட் பிரஷ் எடுத்துக்கோங்க. மொதல்ல வால்வு. மூடியைக் கழட்டி வாயில ஒரு துளி சோப்புத் தண்ணி விட்டு அசையாம பாருங்க, குமிழி மெல்ல பெருத்து உடைஞ்சு மறுபடி பெருத்தா உள்ள இருக்குற பின் லூசு இல்லன்னா கெட்டுப் போச்சு, டயர் கடையில சில நிமிஷ வேலை. அடுத்து வால்வு அடிப்பக்கம், ரிம்மைத் தொடுற இடம், ரப்பர் வால்வா இருந்தா விரலால லேசா வளைச்சுப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா மாத்துங்க. அப்புறம் டயர் பட்டையில ஆணி, கம்பி, டிப்பர்லேருந்து சிந்துன கூர் ஜல்லி. வண்டியை கொஞ்சம் கொஞ்சமா முன்ன நகர்த்தி முழு சுத்தையும் பாக்கணும், தரையில அமுங்கியிருக்குற பகுதியிலதான் ஆணி இருக்கும், அதைத்தான் பாக்காம விட்டுருவோம். ஆணி தெரிஞ்சா அங்கேயே பிடுங்காதீங்க, அது இருக்குற வரைக்கும் காத்து பைய தான் போகும், கடை வரைக்கும் ஓட்டிரலாம்.

ஆணியும் இல்ல வால்வும் நல்லா இருக்குன்னா ரிம்மு. நம்ம மாவட்டத்துல இதைத் தனியா சொல்லியே ஆகணும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காப்பட்டணம்னு கடப்புறத்துல நிக்கிற வண்டில உப்புக்காத்து ரிம்மை அரிக்கும். டயரும் ரிம்மும் ஒட்டுற வளையத்தை டயர் கழட்டிப் பாத்தா தெரியும், அலாய் வீல்ல வெள்ளையா பொரிஞ்ச மாதிரி பொடி உக்காந்திருக்கும், இரும்பு ரிம்முன்னா துரு அடுக்கு அடுக்கா பேந்திருக்கும், அந்த மேடு பள்ளத்துக்கு நடுவுலதான் காத்து நூல் மாதிரி கசியும். எத்தனை தடவை காத்து அடிச்சாலும் பிரயோஜனம் இல்ல. டயரைக் கழட்டி அந்த வளையத்தை எமரி பேப்பர் போட்டு வழவழப்பா தேய்ச்சு, சுத்தமா துடைச்சு, சீலர் தடவி மாட்டச் சொல்லணும். குழியில விழுந்து ரிம் உள்பக்க விளிம்பு நெளிஞ்சிருந்தாலும் இதே மாதிரி ஒழுகும், மழைக்காலத்துல தண்ணி நிக்கிற குழியில இறங்குன பிறகு லைட்டு எரிய ஆரம்பிச்சா உள்பக்க விளிம்பை மொதல்ல தடவிப் பாருங்க.

சென்சார் உள்ள வண்டில நெறையதுல வால்வு அலுமினியத்துல வரும். அதுல சாதா பித்தளை பின் போட்டா உப்பு ஈரத்துல ரெண்டு உலோகமும் அரிச்சு ஒண்ணா பிடிச்சுக்கும், நிக்கல் பூசுன பின் தான் போடணும். வால்வு மூடியும் அப்படித்தான், பளபளன்னு இருக்கேன்னு மெட்டல் மூடி வாங்கிப் போட்டா ஒரு வருஷத்துல இறுகிப் போயி, கட்டிங் பிளேயர் வச்சுத் திருகும்போது வால்வே முறிஞ்சு வரும், சென்சாரும் போகும் காத்தும் மொத்தமா போகும். உள்ள ரப்பர் வாஷர் உள்ள பிளாஸ்டிக் மூடி போதும், கடப்புறத்து வண்டிக்கு அதுதான் நல்லது.

பஞ்சர் கடையில டயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியதை வாயால சொல்லிருங்க. "அண்ணே, வீலுக்குள்ள சென்சார் இருக்கு, வால்வு பக்கத்துல மெஷினைக் குடுத்து அமுக்காதீங்க, எதிர்ப்பக்கத்துலேருந்து எடுங்க"ன்னு சொன்னா அவங்க கவனமா எடுப்பாங்க, சொல்லாம விட்டா உள்ள இருக்குறது அவங்களுக்கு எப்படித் தெரியும். டயர் வெளிய வந்ததும் உள்ள கையை விட்டுத் தடவிப் பாருங்க. கறுப்பா பொடி பொடியா ரப்பர் தூள் கையில ஒட்டுனா, பக்கச்சுவர் உள்பக்கம் சுத்திச் சுத்தி தேஞ்ச வளையம் தெரிஞ்சா, அந்த டயர் காத்து இல்லாம ஓடி உள்ளயே வெந்து போச்சு, வெளிய பாக்க புதுசா இருந்தாலும் பஞ்சர் ஒட்டிப் போட வேண்டாம், மாத்துறது ஒண்ணுதான் வழி. பட்டையில நடுவுல சின்ன ஓட்டைன்னா ஒட்டலாம், அதுவும் வெளியிலேருந்து குச்சி சொருகுறதை விட உள்ளேருந்து வைக்கிற காளான் பேட்ச் நிக்கும். பக்கச்சுவர்ல ஓட்டைன்னா யாரு ஒட்டித் தர்றேன்னு சொன்னாலும் ஒத்துக்காதீங்க.

ஸ்டெப்னி இல்லாம பஞ்சர் கிட்டோட வர்ற வண்டியும் இருக்கு, 3.5 டன் வரைக்கும் உள்ள வண்டில டிபிஎம்எஸ்ஸும் கிட்டும் இருந்தா ஸ்டெப்னி கட்டாயம் இல்லன்னு 2020ல விதியை மாத்துனாங்க. அந்த கிட்ல இருக்குற திரவம் நெறையது ரப்பர் பால் சேத்து செஞ்சதுதான், குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுறவங்களுக்கு பால் எப்படி உறையும்னு சொல்லவே வேண்டாம், ஓட்டையில உறையுற மாதிரியே சென்சாரோட சின்ன துவாரத்துலயும் உறைஞ்சிரும். நடுரோட்டுல வேற வழி இல்லன்னா அடிங்க, ஆனா சீக்கிரமே டயரைக் கழட்டி சென்சாரையும் உள்பக்கத்தையும் ஈரத்துணியால துடைக்கச் சொல்லுங்க, காஞ்சா எடுக்குறது கஷ்டம்.

கடைசியா மின்னுற லைட்டு. ஸ்டெப்னி மாட்டியிருந்தா அதுல பெரும்பாலும் சென்சார் இருக்காது, அதனாலதான் மின்னும், பழைய வீலை மாட்டுனா போயிரும், ஒண்ணும் செலவு பண்ண வேண்டாம். எல்லாம் அதே வீலாவே இருந்து ஸ்கிரீன்ல ஒரு டயருக்கு மட்டும் கோடு கோடா வந்தா அந்த சென்சார் பேட்டரி தீந்திருக்கும். அஞ்சுலேருந்து பத்து வருஷம் வரைக்கும் தான் அதுக்கு ஆயுசு, பேட்டரியை உள்ள வச்சு சீல் பண்ணியிருக்கும், தனியா மாத்த முடியாது, சென்சாரையே மாத்தணும். ஒண்ணு போனா மத்ததும் அதே வயசுதான், அதனால புது டயர் போடுற நேரத்துல சேத்து மாத்துனா கழட்டி மாட்டுற கூலி மிச்சம். வாங்கும்போது உங்க வண்டி மாடலையும் வருஷத்தையும் சொல்லி, சென்சாரோட ரேடியோ அலைவரிசை நம்ம ஊர் வண்டிகள்ல பொதுவா வர்ற 433 மெகாஹெர்ட்ஸா, அமெரிக்காவுல ஓடுற 315ஆன்னு பாத்து வாங்குங்க, வெளிநாட்டு சைட்ல விலை கம்மின்னு 315 வாங்கிட்டா இங்க பேசாது. புது சென்சாரை வண்டிக்கு அறிமுகம் பண்ண ஒரு கருவி வேணும், அது இல்லாத கடையில மாட்டிட்டு வந்தா லைட்டு மின்னிட்டே தான் இருக்கும், அதனால மாட்டுறதுக்கு முன்னாடியே அது அவங்ககிட்ட இருக்கான்னு கேட்டுருங்க. சென்சார் மேல ஒரு ஐடி நம்பர் அச்சடிச்சிருக்கும், டயருக்குள்ள போறதுக்கு முன்னாடி நாலையும் போன்ல போட்டோ எடுத்து எது எந்த வீல்னு எழுதி வச்சுக்கோங்க, கருவி சென்சாரைப் படிக்காம அடம் பிடிச்சா அந்த நம்பரைக் கையால அடிச்சுக் குடுத்தே சேத்துரலாம், போட்டோ இல்லன்னா அதைப் பாக்குறதுக்காக மறுபடி டயரைக் கழட்ட வேண்டி வரும்.